அக்காவின் கட்டியும் தம்பியின் கட்டியும்

"அவனுக்கும் தலையில கட்டி, எனக்கும் தலையில கட்டி. அவன் போயிட்டான், நான் உட்கார்ந்து கஞ்சி குடிச்சிட்டு இருக்கேன். இது என்னடா கணக்கு?"

போன ஆடியில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றி முடித்த ஒரு ஞாயிறு மதியம் பெரியம்மா என்னிடம் கேட்டது இது. டர்பனில் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே சண்டை போடும் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். வயது எழுபத்தெட்டு. "அவன்" என்றது அவருடைய தம்பியை, அதாவது என் மாமாவை. மூன்று வருடங்களுக்கு முன் மூளைப் புற்றுநோயில் போனார். நான் மருந்துக்கடையில் வேலை செய்பவன், மருத்துவன் அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை எல்லாம் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில்தான் விழும். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு அறுபத்தொரு வயதில் வார்த்தைகள் தடுமாற ஆரம்பித்தன. 'சாவி' என்று சொல்ல வந்து 'செருப்பு' என்பார். எங்கள் ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் பழி சர்க்கரைமேல்தான். இந்திய வம்சாவளி வீடுகளில் நீரிழிவு அவ்வளவு சாதாரணம். மாமாவுக்கும் சர்க்கரை இருந்தது. அதனால் ஆறு வாரம் மாத்திரையை மாற்றிப் பார்ப்பதிலேயே போயிற்று. வலது கை விளங்காமல் போன பிறகுதான் ஸ்கேன். கிளையோபிளாஸ்டோமா என்று பெயர் வந்தது. அறுவை, ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து, பதின்மூன்றாவது மாதம் முடிவு.

பெரியம்மாவின் கதை வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். அடி எதுவும் இல்லை. ஆனால் மண்டை ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி, பெரிய நெல்லிக்காய் அளவில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. மெனிஞ்சியோமா. "இது பல வருஷமாக இருந்திருக்கும். தொட வேண்டாம், வருஷம் ஒருமுறை பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தமிழில் இரண்டுக்கும் 'கட்டி' என்ற ஒரே சொல்தான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மூளையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லை. அவற்றைத் தாங்கி, உணவு கொடுத்து, குப்பை அள்ளும் கிளையா என்ற செல்களும் ஏராளமாக உண்டு. கிளையோபிளாஸ்டோமா அந்தக் குடும்பத்தில் பிறப்பது. மூளைச் சதைக்குள்ளேயே அருகம்புல் மாதிரி வேரோடிவிடும். மேலே தெரிவதை எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் வேர் உள்ளே நிற்கும். மெனிஞ்சியோமாவோ மூளையில் தோன்றுவதே இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று சவ்வுகளில் நடுச் சவ்வின் செல்களிலிருந்து வருவது. பெரும்பாலும் மூளையை வெளியிலிருந்து அமுக்குமே தவிர உள்ளே நுழையாது. பத்தில் எட்டு மெனிஞ்சியோமா புற்றுநோய் என்ற கணக்கிலேயே வராது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கு ஆய்வுக்காக எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்த இடங்களில்கூட நடுவயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் தலையில் இது தற்செயலாகத் தென்பட்டிருக்கிறது.

சரி, இரண்டும் வேறு வேறு நோய் என்று சொல்லி நான் முடித்திருக்கலாம். ஆனால் பெரியம்மாவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தம்பிக்கு அதுவும் அக்காவுக்கு இதுவும் வந்தது வெறும் தற்செயலா? முழுக்கத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, 10 பெண்களுக்குக் கிளையோபிளாஸ்டோமா வந்தால் 16 ஆண்களுக்கு வருகிறது. மெனிஞ்சியோமாவில் கணக்கு அப்படியே தலைகீழ். ஓர் ஆணுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட பெண்கள். முதுகுத்தண்டில் வரும் மெனிஞ்சியோமாவில் பெண்களின் பங்கு இன்னும் கூடுதல். அதே மெனிஞ்சியோமா குணம் கெட்டு உண்மையான புற்றாக மாறும் அரிதான வகையை எடுத்தால், பெண்களின் அந்த 'முன்னிலை' காணாமல் போய்விடுகிறது. மொத்தத்தில் மண்டைக்குள் கட்டி என்று எண்ணினால் பெண்கள் அதிகம். ஆளைக் கொல்லும் கட்டி என்று எண்ணினால் ஆண்கள் அதிகம்.

நம் நாட்டுக் கணக்கு எங்கே என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1986-ல் தொடங்கியது. ஆய்வகத்தில் சதையை எடுத்துப் பார்த்து உறுதியானவற்றை வைத்துத்தான் அது வளர்ந்தது. மூளையில் கத்தி வைக்க முடியாத நோயாளிகள், ஸ்கேனோடு நின்றுவிட்டவர்கள் அதில் விடுபட்டுப் போக வழி அதிகம். இனவாரியாகப் பிரிக்கும் பழைய வழக்கமும் அதில் உண்டு. நாமெல்லாம் 'ஆசியர்' என்ற பத்தியில் வருவோம். அங்கே மாமாவின் பெயருக்கு ஓர் எண் இருக்கும். பெரியம்மாவின் நெல்லிக்காய்க்கு இடமில்லை. ஆண்-பெண் விகிதத்துக்கு வெளிநாட்டுப் பதிவேடுகளை நம்ப வேண்டியிருப்பது இதனால்தான். ஒன்றை மட்டும் அவற்றிலிருந்து நம் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்: அமெரிக்காவில் கிளையோபிளாஸ்டோமா வெள்ளையர்களுக்குத்தான் அதிகம், ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குறைவு. ஆனால் எந்த இனத்தை எடுத்தாலும் ஆண்களின் எண்ணிக்கைதான் மேலே நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில் ஹார்மோன். மெனிஞ்சியோமாவைப் பொறுத்தவரை அது பாதிக்குமேல் சரி. 1922-ல் அந்தக் கட்டிக்கு அந்தப் பெயரை வைத்ததே ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்குக் கண் மங்கி, பிள்ளை பிறந்தபின் தெளிவதை அவர் காலத்திலேயே கவனித்தார்கள். பார்வை நரம்பை ஒட்டியிருந்த கட்டி கர்ப்பத்தில் உப்பி, அப்புறம் வடிந்ததுதான் காரணம். பிற்பாடு ஆய்வகங்களில் பார்த்தால், பெரும்பாலான மெனிஞ்சியோமாக்களின் செல்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வந்து ஒட்டும் வாங்கிகள் இருக்கின்றன. அப்படியானால் அந்த ஹார்மோனைத் தடுத்தால் கட்டி சுருங்க வேண்டுமே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். புரோஜெஸ்டிரோனைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை, அறுவை செய்ய முடியாத மெனிஞ்சியோமா உள்ளவர்களுக்குக் கொடுத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தீ மூட்டிய குச்சியைப் பிடுங்கினால் தீ அணைந்துவிடுமா என்ன!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள விஷயம் இது. தென்னாப்பிரிக்காவில் பெண்கள் அதிகம் பயன்படுத்தும் கருத்தடை முறைகளில் முன்னால் நிற்பது ஊசி. அரசுக் கிளினிக்கில் காசில்லாமல் போடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை. மூன்று மாத ஊசியில் இருப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன். எங்கள் கடையிலும் பெட்டோஜென் என்று கேட்டு வருவார்கள். 2024 மார்ச்சில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மெனிஞ்சியோமாவுக்காக அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களை, அப்படிச் செய்யாத 90,305 பெண்களோடு ஒப்பிட்டார்கள். இந்த ஊசியை நீண்ட காலம் போட்டவர்களுக்கு ஆபத்து ஐந்தரை மடங்கு என்று வந்தது. உடனே தலைப்புச் செய்திகள், அமெரிக்காவில் வழக்குகள், எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் கலவரம்.

ஐந்தரை மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் அந்த எண் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அறுவை செய்துகொண்ட 18,061 பேரில் இந்த ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த 90,305 பேரில் 11 பேர். பிரான்சில் இந்த ஊசி புழக்கத்தில் அவ்வளவு இல்லை, அதனால்தான் இவ்வளவு சின்ன எண்கள். தொடர்பு பொய் என்று நான் சொல்லவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த சைப்ரோடெரோன் என்ற மருந்துக்கு இதைவிட உறுதியான ஆதாரம் முன்பே வந்திருக்கிறது, ஐரோப்பாவில் அதைக் கட்டுப்படுத்தியும் விட்டார்கள். ஆனால் அரிதான ஒரு நோய் ஐந்து மடங்கானாலும் அரிதாகத்தான் இருக்கும். பிரெஞ்சு ஆய்விலேயே லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனத்துக்கு அப்படி எந்தக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. என் மாமா மகள் ஏழெட்டு வருடம் இந்த ஊசி போட்டவள். அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பயந்துகொண்டு நீயாக நிறுத்தாதே, அடுத்த தேதிக்குப் போகும்போது கிளினிக் சிஸ்டரிடம் வேறு முறை கேள். புதிதாக வந்த தலைவலி விட்டுப் போகாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ ஊசி போட்ட கதையையும் சேர்த்து டாக்டரிடம் சொல். ஏற்கெனவே மெனிஞ்சியோமா இருப்பவர்கள் மட்டும் இந்த ஊசி பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இனி மாமாவின் பக்கம். கிளையோபிளாஸ்டோமாவுக்கு ஹார்மோன் விளக்கம் காலை வாரிவிடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகத்தான் வருகிறது. இன்னும் அழுத்தமான சாட்சி குழந்தைகள். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, ஹார்மோன் ஆட்டம் தொடங்காத சின்ன வயதிலேயே வருவது. அதிலும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். அப்படியானால் காரணம் இரத்தத்தில் ஓடும் ஹார்மோனில் மட்டும் இல்லை, செல்லுக்குள்ளேயும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ரூபின் என்பவரின் குழு இதை நேராகவே சோதித்தது. பிறந்த எலிக்குஞ்சுகளின் மூளையிலிருந்து ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா செல்களை எடுத்து, ஆண் பெண் என்று தனித்தனித் தட்டுகளில் வளர்த்தார்கள். இரண்டு தட்டிலும் புற்றைத் தடுக்கும் ஒரே இரண்டு மரபணுக்களை முடக்கினார்கள். ஒரே மாதிரித் தட்டு, ஒரே தீனி. ஆண் செல்கள் மளமளவென்று கட்டியாக மாறின. பெண் செல்கள் தயங்கின. செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் ஆர்.பி. என்ற புரதம் ஆண் செல்களில் எளிதில் செயலிழந்துவிட்டது, பெண் செல்களில் தாக்குப்பிடித்தது. 2014-ல் வந்த ஆய்வு இது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆச்சரியமானதாகத் தோன்றியது. ஆண், பெண் என்பது மனிதருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தட்டில் கிடக்கும் ஒற்றைச் செல்லுக்கும் அது உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகம் முழுவதும் மூளைப் புற்று ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்பட்ட செல் வகைகளில் ஒன்று யு-87. 1966-ல் சுவீடனின் உப்சாலாவில் 44 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்தது என்று பதிவு. ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், உப்சாலா ஆய்வாளர்களே தங்களிடம் இருந்த பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உலகம் வாங்கிப் பயன்படுத்திய செல்லும் அந்தப் பெண்ணின் செல்லும் ஒன்றல்ல என்று தெரிந்தது. வழியில் எங்கோ மாறிப்போயிருக்கிறது. புழக்கத்தில் இருந்தது ஓர் ஆணின் செல். அரை நூற்றாண்டாக யாரும் கவனிக்கவில்லை என்றால், ஆணா பெண்ணா என்ற கேள்வியை எவ்வளவு அசட்டையாக வைத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் சாவிக்கொத்து. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. அதாவது பெண் வீட்டில் ஒரே பூட்டுகளுக்கு இரண்டு கொத்துச் சாவி. ஆனால் ஒரு கொத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த மூடி வைத்த எக்ஸ் ஒரு சின்னப் புள்ளியாகச் சுருண்டு கிடப்பதை 1949-ல் முர்ரே பார் என்ற கனடாக்காரர் முதலில் பார்த்தார். பார்த்த இடமும் பொருத்தம்தான்: பெண் பூனைகளின் நரம்பு செல்கள். பீரோவுக்குள் போகாமல் வெளியே தொங்கும் சாவிகளும் சில உண்டு. மூடிய எக்ஸிலும் சுமார் 15 சதவீத மரபணுக்கள் ஓய்வெடுக்காமல் வேலை செய்கின்றன. அவற்றில் சில புற்றைத் தடுப்பவை. பெண்ணுக்கு ஒரு சாவி தொலைந்தால் இன்னொன்று தொங்கும். ஆணுக்கு ஒன்று போனால் போனதுதான். 2017-ல் இப்படிப்பட்ட ஆறு மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அவை சிதைவது ஆண்களின் புற்றுகளில்தான் கூடுதல். அந்த ஆறில் ஒன்றான ஏ.டி.ஆர்.எக்ஸ் மூளைக் கட்டிகளில் அடிக்கடி பழுதாகும் மரபணு. மாமாவுக்கு வந்த மூர்க்கமான வகையில் அல்ல, முப்பது நாற்பது வயதில் மெதுவாக வளரும் வகையில். ஆகவே சாவிக்கொத்துக் கதை மாமாவின் கட்டியை முழுக்க விளக்கிவிடாது. அதைப் பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்டேன், இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது இழை நோய் எதிர்ப்பு சக்தி. ஓஹையோவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஜஸ்டின் லத்தியாவின் குழு எலிகளில் பார்த்தது இது. கட்டியை எதிர்க்க வரும் காவல் செல்களைத் தடுத்து, கட்டிக்குக் குடை பிடிக்கும் துரோகி வெள்ளையணுக்கள் சில உண்டு. ஆண் எலிகளில் அவற்றில் ஒரு வகை கட்டிக்குள்ளேயே குடியேறியிருந்தது. பெண் எலிகளில் வேறொரு வகை இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றை அடக்கும் மருந்து மற்றதுக்குப் பலிக்கவில்லை. 2023-ல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. கட்டியோடு மல்லுக்கட்டும் டி-செல்கள் ஆண்களில் சீக்கிரமே களைத்துப்போகின்றன.

வந்த பிறகும் வித்தியாசம் தொடர்கிறது. கிளையோபிளாஸ்டோமா வந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று பல பதிவேடுகள் காட்டுகின்றன. இந்த நோயில் சில மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. மாமாவுக்குக் கொடுத்த டெமோசோலமைட் மாத்திரை நடைமுறைக்கு வந்ததே 2005-ல் முடிவு வெளியான ஒரு சோதனையால். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தவர்கள் 14.6 மாதம். இரண்டரை மாத முன்னேற்றத்துக்காக உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது. 2019-ல் ரூபின் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து, இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் ஸ்கேன்களை வரிசையாக வைத்துக் கட்டி வளரும் வேகத்தை அளந்தார்கள். பெண்களில் மாத்திரைக்கு வேகம் நன்றாகக் குறைந்தது, ஆண்களில் அந்த அளவு இல்லை. பெண்களில் நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கும் ஆண்களில் நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கும் கட்டிக்குள் இயங்கிய மரபணுக் கூட்டங்கள்கூட வேறு வேறு. ஆண்களில் செல் பிளவுபடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் முக்கியமாயின. பெண்களில் செல்கள் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொண்டு நகர உதவும் மரபணுக்கள். அதே மாத்திரைக்குப் பெண்கள் கொடுக்கும் விலையும் ஒன்று உண்டு. அவர்களுக்கு இரத்த அணுக்கள் கூடுதலாகச் சரிகின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும், இன்றைக்கு நம் டர்பனிலோ வேறெங்கோ ஒரு ஆணும் பெண்ணும் இந்த நோயோடு போனால் இருவருக்கும் ஒரே சிகிச்சைதான். உடலின் பரப்பளவை வைத்து மருந்தின் அளவு மாறும். ஆணா பெண்ணா என்பதை வைத்து எதுவும் மாறாது. அதில் மருத்துவர்கள்மேல் தப்பில்லை, இப்போதைக்கு இருப்பவை எலி ஆய்வுகளும் பழைய கணக்குகளும்தான். ஆனால் இனி நடக்கும் மருந்துச் சோதனைகளில் முடிவை ஆண் பெண் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அது சோம்பேறித்தனம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு பாதிக்குப் பலித்து மறுபாதிக்குப் பலிக்காத மருந்தைச் சராசரி எடுத்தால் 'பலனில்லை' என்று குப்பைக்குப் போய்விடும்.

உடலுக்குள் மட்டும் இல்லை, டாக்டரிடம் போகும் வழியிலும் ஆணும் பெண்ணும் வேறுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டினோமா நல்ல உதாரணம். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், பிள்ளை பெறாமலே பால் கசியும். பதறிப்போய் டாக்டரிடம் ஓடுவாள், கட்டி கடுகளவில் இருக்கும்போதே பிடித்துவிடுவார்கள். ஆணுக்கு முதலில் குறைவது ஆசை. அதை எந்த மாமா போய் டாக்டரிடம் சொல்வார்? கட்டி பெருத்து, கண் பார்வையின் இரண்டு ஓரமும் மறைந்து, கார் ஓட்டும்போது பக்கத்து வண்டி தெரியாமல் போகும்போதுதான் வருவார்கள். இத்தனைக்கும் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும் கட்டி அது. பெண்களுக்கு வேறொரு தொல்லை. தலைவலி என்று சொன்னால் 'டென்ஷன்', 'மைக்ரேன்', 'வயசு' என்ற மூன்று பதில்களில் ஒன்று தயாராக இருக்கும். மருந்துக்கடைக் கவுன்டரில் நின்று நானே அப்படிப் பலருக்குப் பாரசிட்டமால் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

செல்போன் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஆண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள், அதனால்தான் அவர்களுக்கு வருகிறது என்று ஒரு சித்தப்பா அடித்துச் சொன்னார். செல்போன் வருவதற்கு முன்பிருந்தே ஆண்கள்தான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்த, 2024-ல் வந்த பெரிய மறுஆய்விலும் செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. சந்தேகமில்லாமல் நிறுவப்பட்ட வெளிக்காரணம், தலைக்குக் கொடுக்கும் சிகிச்சை அளவிலான கதிர்வீச்சுதான்.

அப்புறம், தென்னாப்பிரிக்காவில் ஸ்கேனில் ஒரு வளையம் தெரிந்தாலே புற்று என்று முடிவு கட்டக் கூடாது. காசநோய்க் கட்டி, நாடாப்புழு முட்டை போய்த் தங்கிய கட்டி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் தொற்றுகள் எல்லாம் இங்கே உண்டு, பல மருந்திலேயே கரையும். மூளையில் தோன்றாமல் வேறெங்கோ தோன்றி மூளைக்கு ஏறும் புற்றுகளும் உண்டு. உண்மையில் அவைதான் அதிகம். அதிலும் வழிகள் வேறு: பெண்களுக்கு மார்பிலிருந்து ஏறுவது கூடுதல், ஆண்களுக்கு நுரையீரலிலிருந்து.

மாமாவுக்கு அறுவை நடந்தது கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையில். மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் தலையில் கத்தி வைக்க வேண்டியவர்கள் அங்கேதான் வந்து சேர்வார்கள். அதே வூசி ம்சிமெலா (பழைய பெல்லேர்) சாலையில்தான் எங்கள் குடும்பம் புனித வெள்ளிக்குத் தீமிதி பார்க்கப் போகும் அம்பலவாணர் ஆலயமும் இருக்கிறது. 'இரண்டாவது ஆற்றுக் கோயில்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆப்பரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் பெரியம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் தலையிலும் அப்போது அந்த நெல்லிக்காய் இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் 'தலையெழுத்து' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாவிக்கொத்து விளக்கத்தை நான் சொல்லி முடித்ததும் பெரியம்மா கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளறையைப் பார்த்தார். அங்கே பேரன் ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"அப்போ இவன்கிட்டேயும் ஒரு கொத்துதானே?"

ஆமாம் என்றேன். அதோடு எண்ணையும் சொன்னேன். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு வருடத்தில் லட்சம் பேருக்கு மூன்று பேர் சொச்சத்துக்குத்தான் மாமாவுக்கு வந்தது வருகிறது. கிளையோமா குடும்பத்தில் பரம்பரையாக ஓடுவது நூற்றில் ஐந்து சம்பவங்களில்தான். கூடப் பிறந்தவர், பெற்றவர் யாருக்காவது வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் மூன்றின் இரட்டிப்பு ஆறுதான், அதுவும் லட்சத்தில். பையனுக்கு மாமா இரண்டு தலைமுறை தள்ளி. அவனுக்காக ஸ்கேன் எடுக்கவோ இரத்தம் சோதிக்கவோ எந்தத் தேவையும் இல்லை.

லட்சம் என்றால் எவ்வளவு கூட்டம் என்று கேட்டார். மோசஸ் மபிடா மைதானம் நிரம்பி, அதே அளவு கூட்டம் வெளியேயும் நின்றால் ஏறக்குறைய லட்சம் வரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய அடுத்த ஸ்கேன் செப்டம்பரில். போன வருடத்துக்கும் அதற்கு முந்தின வருடத்துக்கும் நடுவே நெல்லிக்காய் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை.